ரிட்டயர் ஆனவர்கள் லெகோ கட்டலாமா? காட்பாடி பட்டறைக்குப் போய்வந்த பிறகு

லெகோ என்கிற பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, கட்டியதை வைத்து நம்மைப் பற்றிப் பேச வைக்கிற ஒரு நாள் பட்டறை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் நோட்டீஸில் ‘ஒரே நாளில் உங்கள் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டறியுங்கள்’ என்று போட்டிருப்பதை நம்பிப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். அங்கே கிடைப்பது வேறு. எனக்கு அது பிடித்திருந்தது, தெரிந்தவர்கள் நாலு பேரை அனுப்பவும் செய்வேன். யாரை அனுப்ப மாட்டேன் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் குளோசிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தைச் சீவி, ஒட்டி, மடித்து, தைத்து ஷூவின் மேல்பாகமாக ஆக்கும் இடம்தான் குளோசிங். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பெண்களாவது இந்த வேலை பார்த்திருப்பார்கள். வேலை நின்ற பிறகும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மகள் பெங்களூரில் இருக்கிறாள். “டிவி பார்த்தே கெட்டுப்போற, இதுக்குப் போய்ட்டு வாம்மா” என்று ஆன்லைனில் அவளே பணம் கட்டிவிட்டாள். தலைக்கு 2,800 ரூபாய், மதியச் சாப்பாடு நம் செலவு.

நடத்துகிறவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன். சின்னப் பிள்ளைகள், புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறார்கள், பிழைத்துப் போகட்டும். இடம் காட்பாடி காந்தி நகர் பக்கம், ஒரு மாடி அறை. எங்களுக்கு வசதிதான். வாலாஜா ரோட்டில் ரயில் ஏறினால் முகுந்தராயபுரம், திருவலம், சேவூர், அடுத்தது காட்பாடி.

கட்டை கட்டிப் பேச வைக்கிற இந்த முறையை அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ‘லெகோ சீரியஸ் பிளே’ என்று உலகம் முழுக்க நடக்கிறது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் ஆரம்பித்த பட்டறைதான் லெகோ. முதலில் எல்லாம் மரபொம்மை. இன்று நாம் பார்க்கிற குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு மனுப் போட்டார்கள். தொண்ணூறுகளில் கம்பெனி அந்தத் தச்சரின் பேரன் கியெல்ட் கையில் இருந்தது. அதிகாரிகளைக் கூட்டிவைத்து ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்று கேட்டால் ஆளாளுக்குப் பழைய பல்லவிதான். அப்போது சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஐ.எம்.டி. என்ற மேலாண்மைப் பள்ளியில் இருந்த யோஹான் ரூஸ், பார்ட் விக்டர் என்ற இரண்டு பேராசிரியர்களோடு சேர்ந்து யோசித்ததில், ஊருக்கெல்லாம் விற்கிற கட்டையை நாமே கையில் எடுத்துக் கட்டிப் பார்த்தால் என்ன என்று வந்திருக்கிறது. ராபர்ட் ராஸ்முசென் என்பவர் அதை வகுப்பாக நடத்தும் அளவுக்குச் சீர்செய்தார். 2010-இல் யார் வேண்டுமானாலும் இந்த முறையைப் பயன்படுத்தலாம் என்று கம்பெனியே திறந்துவிட்டது. அதனால்தான் காட்பாடி மாடி அறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கம்பெனி மீட்டிங்குக்காகச் செய்ததை இங்கே தனி மனிதர்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அது பாதி பொருந்துகிறது, பாதி இடிக்கிறது.

ஆளுக்கொரு பையில் ஐம்பது துண்டு அளவுக்குக் கொடுத்தார்கள். என் புத்தி முதலில் தரத்தைத்தான் பார்த்தது. விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவினேன், இல்லை. இரண்டைச் சேர்த்தால் ஒரே சத்தம், ஒரே பிடி. கழற்றும்போதும் விரலுக்கு அதே அழுத்தம்தான் வேண்டியிருக்கிறது. அச்சில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட விலகக் கூடாது என்று வைத்திருக்கிறார்களாம். 1958-இல் செய்த கட்டை இன்றைய கட்டையோடு சேரும் என்றும் சொன்னார்கள். தோலில் இது நடக்கவே நடக்காது. ஒரே தோலில் முதுகுப் பக்கம் ஒரு கனம், வயிற்றுப் பக்கம் ஒரு கனம், அதைச் சீவிச் சீவியே எங்கள் காலம் போனது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் என்னைப் பார்த்து, “ஆண்ட்டி, ஆரம்பிக்கலாமா, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா?” என்று சிரித்தாள்.

முதல் வேலை, மஞ்சளும் சிவப்புமாக ஆறு துண்டுகளைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் வாத்து செய்யச் சொன்னார்கள். அறையில் 16 பேர். ஒரு வாத்து மாதிரி இன்னொன்று இல்லை. என்னுடையது கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வம்பு பேசுகிற வாத்து. எட்டுக் குமிழ் வைத்த ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று அந்தத் தம்பி, அதாவது பயிற்சி நடத்துகிறவர், பலகையில் எழுதினார். மண்டித் தெருவில் வெல்லம் வியாபாரம் பண்ணுகிற ஒருவர் வந்திருந்தார். “அதுல எத்தனை விலை போவும்?” என்றார் அவர். அந்த ஒரு கேள்வியில் அறையில் இருந்த கூச்சம் எல்லாம் போய்விட்டது.

அப்புறம் விதிகளைச் சொன்னார்கள். எல்லோரும் கட்ட வேண்டும், எல்லோரும் பேச வேண்டும், ‘நான் பாஸ்’ என்பது கிடையாது. என்ன கட்டுவது என்று யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது, கையை முதலில் அசைக்க வேண்டும். அடுத்தவர் கட்டியதற்கு நாமே அர்த்தம் சொல்லக் கூடாது. கேள்வி கேட்பதானால் ஆளைப் பார்த்துக் கேட்காமல் கட்டையைப் பார்த்துக் கேட்க வேண்டும். “உங்க வீட்டுக்காரர் எப்படி என்று கேட்காதீங்க, அந்தப் பச்சைக் கட்டை ஏன் மேலே இருக்குன்னு கேளுங்க” என்றார் தம்பி.

மொத்த வகுப்பும் இந்தக் கடைசி விதியில்தான் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ஒருவரைப் பார்த்து “நீ எதுக்கு உயிரோட இருக்கே?” என்று கேட்டால் அது திட்டு. சண்டை வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். கொஞ்சம் நாகரிகமாக, “உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்ன?” என்று மேடையில் கேட்டால் பிள்ளைகளை ஆளாக்கினோம், கடமையை முடித்தோம், இனி பகவான் விட்ட வழி என்று மனப்பாடமாக ஒப்பிப்போம். அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து நேராகப் பதில் சொல்லி நமக்குப் பழக்கமே கிடையாது. ஆனால் மேஜைமேல் ஒரு பச்சைக் கட்டை இருந்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரோ கேட்டால் வாய் தானாகத் திறக்கிறது. நம்மைப் பற்றி இல்லையே, கட்டையைப் பற்றித்தானே!

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த சீமோர் பேப்பர்ட் என்ற பேராசிரியரின் கருத்துதான் இதற்கு அடிப்படையாம். கையால் வெளியே ஒரு பொருளைக் கட்டும்போதுதான் மனசுக்குள்ளேயும் அறிவு நன்றாகக் கட்டப்படுகிறது என்பது. இதற்கு எம்.ஐ.டி. வரைக்கும் போக வேண்டியதில்லை, மெஷினில் உட்கார்ந்த எந்தப் பெண்ணும் சொல்லுவாள். தையல் வளைவில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தோலைக் கொடுத்தால் கை சரியாகத் திரும்பும்.

மதியத்துக்கு முன் கொடுத்த கேள்விதான் கனமானது. ‘உங்களிடமிருந்து வேலையைக் கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும்? அதைக் கட்டுங்கள்.’ நேரம் ஐந்து நிமிடம்.

வெல்ல மண்டிக்காரர் மளமளவென்று கட்டினார். நாலு சுவர், மேலே கூரை, உள்ளே ஒரு பொம்மை ஆள். கச்சிதமாக இருந்தது. காலேஜ் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இவர் எப்படி வெளியே வருவார்? கதவே இல்லையே?” என்றாள். “ஷட்டர் இருக்கு பாப்பா, மேல சுத்தி வெச்சிருக்கு” என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். தம்பி அடுத்த ஆளிடம் போய்விட்டார். இரண்டு பேர் பேசி முடித்த பிறகு, யாரும் கேட்காமலேயே மண்டிக்காரர் ஆரம்பித்தார். “வேலையக் கழட்டச் சொன்னாரு. நான் மறுபடி மண்டியத்தான் கட்டியிருக்கேன். பையன் துபாய்லேர்ந்து வந்து பாத்துக்கிறேன்றான். நாந்தான் வேணாம், வேணாம்னு சொல்லிக்கினு கீறேன்.” ஏன் வேண்டாம் என்றார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவர் கட்டை வீட்டைப் பிரித்துப் பைக்குள் போடாமல் மதியம் முழுக்கத் தன் முன்னாலேயே வைத்திருந்தார்.

நான் கட்டியது ஒரு நீளமான வரிசை. கன்வேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சின்னச் சின்ன ஒற்றைக் குமிழ்த் துண்டுகள் நாலு, கடைசி முனையில் நின்றபடி ஒரு ஆள். எதிரில் இருந்த நர்ஸ் பெண், “அக்கா, கடைசியில நிக்கிறவங்க ஏன் திரும்பி நிக்கிறாங்க?” என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன். ஆள் பேக்கிங் பக்கம் பார்க்காமல் வரிசை தொடங்குகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் யோசித்து வைக்கவில்லை. “செக் பண்றேன்ல, வர்ற பீஸைப் பார்க்கணுமே” என்றேன். “சரி, அந்த நாலு சின்னக் கட்டை?” என்றாள்.

அவர்கள் புதுப்பெண்கள். ஆற்காடு, விளாப்பாக்கம், திமிரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வருவார்கள். மெஷின் சத்தத்துக்கே பயப்படுவார்கள். முதல் நாள் அவர்களுக்கு நூல் கோத்துக் கொடுக்க மாட்டேன். கோடு போட்ட காகிதம்தான். வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போக வேண்டும். காகிதத்தில் ஓட்டை கோட்டை விட்டு விலகினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே தெரியும். நேர்கோடு, அப்புறம் வளைவு, அப்புறம் மூலையில் ஊசியை உள்ளே நிறுத்தித் திருப்புவது. அது கை வந்த பிறகு கழிவுத் தோல், அதிலும் முதலில் நூல் இல்லாமல். தோலில் ஊசி தப்பாக இறங்கினால் அந்த ஓட்டை மூடாது, துணி மாதிரி பிரித்துத் தைக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு நிதானம். ஊசி உடைந்தால் சில பிள்ளைகள் அழும். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். பக்கத்தில் நின்று உடைந்த முனையைத் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டச் சொல்லுவேன். “எல்லாருக்கும் உடையும், இந்தப் புக்கைப் புரட்டிப் பாரு, என் பேரு எத்தனை வாட்டி இருக்குன்னு” என்பேன்.

இதையெல்லாம் அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பது எப்போதோ தாண்டிவிட்டது. என் வேலைக்கு மதிப்பெண் போட்டதெல்லாம் ஒரு மணிக்கு எத்தனை ஜோடி, எத்தனை ரிஜெக்ட் என்ற கணக்கில்தான். அந்தக் கணக்கு என் கட்டையில் எங்கேயும் இல்லை. தேடினேன், ஒரு துண்டுகூட அதற்காக வைக்கவில்லை.

உடனே நான் வீட்டில் இலவசத் தையல் வகுப்பு திறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் சீரியல்தான் பார்க்கிறேன். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த வேலையில் எனக்கு எது பிடித்திருந்தது என்று யாராவது கேட்டால், இப்போது திக்காமல் சொல்லத் தெரியும். 2,800 ரூபாய்க்கு அது போதும் என்று தோன்றியது.

அந்த நர்ஸ் பெண் கட்டியதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஏணி ஒன்று, அடியில் ஒரு கறுப்புக் கட்டை. அந்தக் கறுப்பைப் பற்றி யாரோ கேட்டதும் கண் கலங்கிவிட்டாள். இந்த இடத்தில் பயிற்சித் தம்பிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆறுதல் சொல்கிறேன் என்று அறிவுரையை அவிழ்த்துவிடவில்லை. “அந்தக் கட்டையை எடுக்கணுமா, அங்கேயே இருக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். “இருக்கட்டும்” என்றாள். சரி என்று அடுத்தவரிடம் போனார். டீ வேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நலமா என்று கேட்டதையும் பார்த்தேன்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மனநல மருத்துவர் கிடையாது, அப்படி அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சமீபத்தில் சாவு கண்ட வீடு, தூக்கமில்லாமல் தவிப்பவர்கள், வாழவே பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள், இவர்களை இந்த வகுப்புக்கு அனுப்பாதீர்கள். அதற்கு நம் வேலூரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. கட்டை பேச வைக்கும். பேசிய பிறகு தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

இனி குறைகள். காலை பத்து மணி என்று போட்டுவிட்டு ஆரம்பிக்கும்போது பத்தே முக்கால். பதினாறு பேருக்கு ஒரே பயிற்சியாளர் என்பது ரொம்ப அதிகம், பத்துப் பன்னிரண்டு பேரோடு நிறுத்தியிருந்தால் கடைசி வரிசை அவசர அவசரமாகப் பேசியிருக்க வேண்டாம். திரையில் ஓடியது முழுக்க ஆங்கிலம். ‘பேஷன், மிஷன், வொகேஷன்’ என்று வட்டத்துக்குள் வட்டம். மண்டிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டார். தமிழில் நாலு வரி எழுதிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

மதியத்துக்கு மேல் வகுப்பு சரிந்தது. காலையில் அவ்வளவு அழகாகக் கையை ஓடவிட்டுவிட்டு, சாப்பிட்டு வந்ததும் ஒரு படிவத்தை நீட்டி ‘அடுத்த 90 நாளில் நான் செய்யப்போகும் மூன்று காரியங்கள்’ என்று எழுதச் சொன்னார்கள். இதுதான் நான் சொன்ன இடிக்கிற பாதி. கம்பெனிக்கு டார்கெட் சரி. ஒரு மனுஷியைத் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு மூணு மணிக்கு டார்கெட் கேட்டால் என்ன எழுதுவாள்? ‘வாக்கிங் போவேன்’ என்று எழுதினேன். என் பக்கத்தில் இருந்த பாதிப் பேரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். முடிவில் ‘இரண்டாம் நிலை’ வகுப்புக்கு 12,000 ரூபாய் என்று ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அது எனக்கு வேண்டாம்.

கோபம் வந்தது ஒரு விஷயத்துக்குத்தான். நாங்கள் கட்டியவற்றையும் எங்கள் முகங்களையும் படம் எடுத்து அன்று சாயங்காலமே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். நர்ஸ் பெண்ணின் ஏணியும் அதில் இருந்தது. போன் செய்து சத்தம் போட்டேன், எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது, ஆனால் கேட்காமல் போட்டிருக்கவே கூடாது.

வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். லாங் பஜாரில் ஒரு வாளி கட்டை வாங்கினேன். அசலில் பத்தில் ஒரு பங்கு விலைகூட இருக்காது. பிடி அவ்வளவு இல்லை, மூன்று அடுக்குக்கு மேல் போனால் ஆடுகிறது. ஆனாலும் காரியம் நடக்கிறது. ஆளுக்கு ஐம்பது துண்டாவது வேண்டும், சக்கரம், ஏணி, மனித பொம்மை கலந்து இருக்க வேண்டும். ஒரே நிறமாக இருந்தால் கதை வராது. போனில் ஐந்து நிமிட அலாரம் வையுங்கள். கேள்வியைச் சின்னதாக வையுங்கள். ‘வாழ்க்கையின் நோக்கம்’ என்று ஆரம்பிக்காதீர்கள், ‘போன வாரம் எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை?’ என்று ஆரம்பிக்கலாம். ஆற்காட்டில் தங்கை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தோம். தங்கை வீட்டுக்காரர் நீலத் துண்டுகளை எல்லாம் அள்ளி நீளமாகப் பாலாறு என்று வைத்தார். வைத்துவிட்டு, “தண்ணி எங்க இருக்கு?” என்று அவரே நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளை அடுக்கினார். சின்ன வயதில் அந்த மணலில் ஊற்றுத் தோண்டியதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் தொடர்ந்து அவ்வளவு பேசியது கிடையாது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து செய்வதாக இருந்தால் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பது நல்லது.

யார் போகலாம்? ஓய்வு பெறப்போகிறவர்கள், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க யோசிக்கிறவர்கள், படிப்பு முடித்துவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று நிற்கிற பிள்ளைகள் கட்டாயம் போகலாம். கணவனும் மனைவியுமாகப் போனால் வேறு வேறு மேஜையில் உட்காருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் கட்டுவதை இன்னொருவர் திருத்திக்கொண்டே இருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள், தமிழில் நடத்தச் சொல்லுங்கள், படம் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் எழுந்து வந்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. அப்புறம், சித்திரை வைகாசியில் தேதி கொடுத்தால் தள்ளிப் போடச் சொல்லுங்கள். வேலூர் வெயிலுக்கு அந்த மாடி அறையில் இருக்கிற ஒற்றை ஏசி காணாது, ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.